குணாக்காவின் மூன்று மணி நேரம்

குமணன்சாவடி சிக்னலில் பேருந்து நின்றிருந்தபோது குணாக்காவின் கணவர் ஏழுமலை அண்ணனிடமிருந்து குரல் பதிவு வந்தது. மெட்ரோ வேலைக்காகச் சாலையில் பாதியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஆரன் சத்தத்தில் முதல்முறை ஒன்றும் புரியவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டேன். "தங்கச்சி, அக்கா நம்மள வுட்டு பூட்டா. காத்தால ஆறு மணி இருக்கும். பதறாம வா." அவ்வளவுதான். அவர் பேச்சுக்குப் பின்னால் யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிப் போடும் சத்தம் கேட்டது.

நான் அவர்கள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் அறையை மறுபடி திறந்துவிட்டோம் என்று குணாக்காவிடம் சொல்வதற்காகவே அந்தச் சனிக்கிழமை விடுப்பு எடுத்திருந்தேன். முந்தின நாளே போனில் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு ஒரு நாள் செலவாகிவிட்டது.

இதை வாசிக்கிற உங்களில் பலர் ஒரு மாலையாவது அவரிடம் குழந்தையை விட்டுப் போயிருப்பீர்கள். சிலர் அந்தக் குழந்தையாகவே இருந்திருப்பீர்கள். ஆனால் முழுப் பெயர் குணசுந்தரி என்பது அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்று இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் செக்கிங்கில் இருந்தார். தைத்து வரும் சட்டைகளில் பிசிறையும் விட்டுப்போன தையலையும் பார்த்து ஒதுக்கும் வேலை. நம் வார்டில் ஒருமுறை சுயேச்சையாகத் தேர்தலில் நின்றார், தோற்றார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்தத் தேர்தல்தான் முதலில் வருகிறது.

அப்போது நாங்கள் கள்ளிக்குப்பத்தில் ஒரே லைன் வீட்டில் இருந்தோம். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். நான் தனியார் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன் என்பதால் தெருவில் எந்த விண்ணப்பம் என்றாலும் என்னிடம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து, "தங்கச்சி, வார்டு எலெக்‌ஷன்ல நிக்கப் போறேன். நோட்டீஸு எழுதணும்" என்றார். எதற்காக நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "சாயங்காலத்துக்காக" என்றார்.

அவர் மகள் தீபாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது நடந்ததை அன்றுதான் சொன்னார். பிள்ளை நாலு மணிக்குப் பள்ளி விட்டு வந்துவிடும். கம்பெனி விட்டுப் பேருந்து பிடித்து இவர் வர ஏழாகும். ஏழுமலை அண்ணன் லோடு ஆட்டோவில் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அதனால் அப்போது பக்கத்து வீட்டில் இருந்த பெண் தீபாவை உள்ளே விட்டு, டிவியைப் போட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போவாள். தெருவில் பாதி வீடுகளில் அதுதான் வழக்கம். ஒருநாள் மழையில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் பிள்ளை கத்தியிருக்கிறது. மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. "நான் வந்து தொறந்தேன். என்னப் பாத்து வாயத் தொறக்குறா, சத்தமே வரல. மூணு நாளு பேச்சு வரல தங்கச்சி" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் என்னிடம் எப்போதும் பேசியதில்லை.

அவர் சொன்ன திட்டங்கள் மூன்று. பள்ளியும் பால்வாடியும் விட்டது முதல் ஏழு மணி வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை, ஓர் ஆள். மாதத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு வரை ரேஷன் கடை. மாலையில் வார்டு அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதித் தர ஒருவர். வேறு எதுவும் வேண்டாமா, மற்றவர்கள் என்னென்னவோ தருகிறார்களே என்றேன். "குடுக்கட்டும், வாங்கிக்கலாம். மிக்ஸி குடுத்தா வேணான்னா சொல்லப் போறேன்? அதுல சட்னி அரைக்க நான் எப்போ ஊட்டுக்கு வர்றது? அத்த யாரு குடுக்குறா?" என்றார்.

நான் எழுதினேன். நன்றாகவே எழுதியதாக நினைத்தேன். 'குறைந்த வருமானக் குடும்பங்களின் ஒருங்கிணைந்த முன்னேற்றத்திற்கான நலத்திட்டங்கள்' என்று தலைப்புப் போட்டேன். பூந்தமல்லியில் அச்சகம் வைத்திருந்த பாய், புரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, இது ஓட்டு நோட்டீஸா, ஆபீஸ் லெட்டரா?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். குணாக்கா என் படிப்பின் மேல் இருந்த மரியாதையில் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே அச்சாகிவிட்டது.

அலமாரி சின்னம் கிடைத்திருந்தது. முதல்நாள் பிரசாரத்திலேயே டீக்கடையில் ஒருவர், "அலமாரியா? உள்ள இன்னா குணா வெச்சிகீறே?" என்று சத்தம் போட்டார். "தொறந்து பாரு மாமே, உன் பொண்டாட்டி குடுத்த புகாரு தான் அடுக்கி வெச்சிகீறேன்" என்றார் அக்கா. லோடு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்த ஏழுமலை அண்ணன், "எம் பொண்டாட்டி ஜெயிச்சா எனக்கு ஊட்ல சோறு கெடைக்காது, இருந்தாலும் பெரிய மனசு பண்ணி ஓட்டு போடுங்க" என்று அறிவித்துக்கொண்டே வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நோட்டீஸைக் கையில் கொடுக்கும் வரை.

முதல் தெருவில் ஓர் அம்மாள் தலைப்பைப் படித்துவிட்டு, "ஏழைங்களுக்கா? நமக்கு இல்லம்மா. பின் தெருவுல குடுங்க, அங்க கஷ்டப்படறவங்க கீறாங்க" என்று திருப்பித் தந்தார். பின் தெருவில், "நாங்க சொந்த ஊட்ல கீறோம்கா. கால்வா பக்கம் போங்க" என்றார்கள். கால்வாய்க் கரையில் ஒரு பெண் கதவருகே நின்றபடியே, "எங்களுக்கு இன்னா கொறச்சலு? பட்டா வந்துட்ச்சி. பாலத்துக்கு அந்தாண்ட குடிசைங்க இருக்கு பாருங்க, அங்க தான் பாவம்" என்றாள். பாலம் வரைக்கும் நடந்தோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் வார்டு இல்லை.

பாலத்துச் சுவரில் நோட்டீஸ் கட்டை வைத்துவிட்டு அக்கா சிரிக்க ஆரம்பித்தார். "ஏழைங்க எல்லாம் வேற வார்டுல கீறாங்க தங்கச்சி. நம்ம வார்டுல ஒருத்தருமே இல்ல." எனக்கு அழுகை வந்தது. அவர்களுக்காக எழுதினேன் என்று நினைத்திருந்தேன். யாரைப் பற்றியோதான் எழுதியிருந்தேன். அப்படிப் பெயர் வைத்துக் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நானே பார்த்திருக்க மாட்டேன். என் சம்பளமும் அந்தத் தலைப்புக்குள் அடங்குகிற சம்பளம்தான்.

திரும்பி வரும்போது கால்வாய்க் கரைப் பெண்ணின் வீட்டில் அக்கா மறுபடி நின்றார். நோட்டீஸைக் காட்டவில்லை. "இன்னாம்மா, சாயங்காலத்துல உம்பொண்ணு எங்க இருக்கும்?" என்று கேட்டார். அந்தப் பெண் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். பிறகு, "உள்ள வெச்சி பூட்டிட்டு தான்கா போறேன். வேற இன்னா பண்ணச் சொல்றீங்க?" என்றாள். அதைச் சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே உட்காரச் சொன்னாள்.

புதிதாக அச்சடிக்க வழியில்லை. அன்றும் மறுநாளும் எங்கள் லைன் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டீஸிலும் என் தலைப்பைப் பேனாவால் அடித்தார்கள். மேலே கையால் எழுதினார்கள்: 'சாயங்காலம் உங்கள் குழந்தை எங்கே?' சில நோட்டீஸ்களில் எழுத்துப்பிழை இருந்தது, சிலவற்றில் மை கொட்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் அதைத் திருப்பித் தரவில்லை. அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரே ஒருமுறை, அடித்துக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, "ரொம்ப நீட்டா எழுதிட்ட தங்கச்சி, அடிக்கவே கை வலிக்குது" என்றார்.

அவர் தோற்றார் என்பதை முன்பே சொல்லிவிட்டேன். கேவலமான தோல்வி இல்லை. ஆனாலும் அன்று மாலை நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. மறுநாள் காலை அவரே வந்து கதவைத் தட்டினார். தலைக்குக் குளித்து, கம்பெனி ஆண்டு விழாவுக்குக் கட்டும் புடவையைக் கட்டியிருந்தார். "கெளம்பு, கவுன்சிலரு ஊட்டுக்குப் போய்ட்டு வரலாம்" என்றார்.

வாசல் முழுக்கப் பட்டாசுத் தாள். வென்றவரின் கணவர்தான் வெளியே வந்தார். "இன்னா குணா, வாழ்த்து சொல்ல வந்தியா?"

"வாழ்த்தும் தான். அண்ணி இல்லியா அண்ணே?"

"இன்னா விஷயம், என்னாண்ட சொல்லு."

"உங்களாண்ட எப்டி சொல்றது? ஓட்டுப் பட்டன்ல அண்ணி பேரு தான இருந்துச்சு."

உள்ளே இருந்து கவுன்சிலரம்மா சிரித்துக்கொண்டே வந்தார். அக்கா பையிலிருந்து நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். "இத்த வெச்சிக்கோங்க அண்ணி. தோத்தவளுக்கு இது ஒதவாது. ஜெயிச்சவங்களுக்கு ஒதவும். எம்பேர அடிச்சிட்டு உங்க பேர போட்டுக்கோங்க."

"எனக்கு எதிரா நின்னவ நீ. உன் திட்டத்த நான் செஞ்சா ஊர்ல இன்னா சொல்லுவாங்க?"

"அண்ணி நல்லவங்கன்னு சொல்லுவாங்க. கசக்குதா?"

அதோடு முடியவில்லை. ஒன்றரை வருடம் அவர் அந்த வாசலுக்குப் போய் வந்தார். சில நாள் கவுன்சிலரம்மா இல்லை என்பார்கள். செருப்பு வாசலில் கிடக்கும். அக்கா அந்தச் செருப்பைப் பார்த்து, "அண்ணி வந்தா நான் வந்தேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு வருவார். கடைசியில் சமுதாய நலக்கூடத்தின் பக்கத்து அறை மாலைகளில் பிள்ளைகளுக்கு என்று ஆனது. ஓர் ஆயாவையும் போட்டார்கள். திறப்பு விழா நாளில் வாசலை மறைத்துக்கொண்டு கவுன்சிலரம்மாவின் படம். அக்காவின் பெயரை யாரும் மேடையில் சொல்லவில்லை. எனக்குக் கோபம் தாங்கவில்லை. அவர் கடைசி வரிசையில் யாருடைய குழந்தையையோ மடியில் வைத்துக்கொண்டு, "படம் அவங்கள்து, பாயி நம்பள்து. புள்ளைங்க பாய்ல தான படுக்கும்?" என்றார். வீட்டிலிருந்து நான்கு பாய்களைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார்.

உடம்பு தாங்காமல் கம்பெனி வேலையை விட்ட பிறகு தினமும் அங்கேதான் இருந்தார். ஆயாவுக்குச் சம்பளம் உண்டு, அக்காவுக்குக் கிடையாது. அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பிள்ளையைக் கூப்பிட வரும் அம்மாவிடம் உடனே பிள்ளையைக் கொடுக்க மாட்டார். உட்கார வைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுப்பார். "கம்பெனி மூஞ்சியக் கழட்டி வெச்சிட்டு அப்பறம் புள்ளையத் தூக்கு" என்பார். தண்ணீர் குடித்து முடிக்கும் இரண்டு நிமிடத்துக்குள் சிலர் அழுதுவிடுவார்கள். அதை அவர் பார்க்காததுபோலப் பிள்ளையின் தலையை வாரிக்கொண்டிருப்பார்.

முகூர்த்த மாதங்களில் கூடத்தில் கல்யாணம் நடக்கும். அறையையும் சேர்த்துக் கேட்பார்கள். ஒரு வரவேற்பு நாளில் வேறு வழியில்லாமல் இருபது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுபோய்ப் பின்வரிசை நாற்காலிகளில் உட்கார வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து யார் பிள்ளைகள் என்று கேட்டபோது, "பொண்ணு ஊடு" என்றார். பெண்ணின் மாமா வந்து கேட்டபோது, "மாப்ள ஊட்டுப் பக்கம்ண்ணா" என்றார். முதல் பந்தியிலேயே எல்லோருக்கும் இலை போட்டார்கள். ஏழு மணிக்கு வந்த அம்மாக்கள் கையில் தாம்பூலப் பையோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்துத் திகைத்தார்கள். அந்த மாலையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும், இதைப் பேசிச் சிரிக்க அவர் இல்லை என்பது வருகிறது.

நாங்கள் பூந்தமல்லிக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. மருத்துவமனையில் நான் போய் நின்றால், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க விடமாட்டார். "நேத்து தொறந்தாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. அவர் படுத்த சில வாரங்களில் ஆயா தன் மகளின் பிரசவத்துக்கு அரக்கோணம் போய்விட்டார். வேறு ஆள் போடவில்லை. பொறுப்புக்கு யாரும் இல்லாமல் சாவி தர முடியாது என்று நலக்கூடத்துக் காவலாளி சொல்லிவிட்டார். அறை மூடிக்கிடந்தது. இதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தது ஒரு திங்கட்கிழமை. "நேத்து தொறந்தாங்களா?" என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"தொறந்தாங்கக்கா."

"எத்தினி பேரு?"

"பதினொரு பேரு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நேத்து ஞாயித்துக்கெழம தங்கச்சி." ஞாயிற்றுக்கிழமை அந்த அறை எப்போதுமே திறப்பதில்லை. அவர் சத்தம் வராமல் சிரித்தார். ஊசி குத்தியிருந்த கையால் என் விரலைப் பிடித்து, "பொய் சொல்லக்கூட தெரில உனக்கு. போ, போயி தொற" என்றார்.

அன்று மாலையிலிருந்து வீடு வீடாகப் போனேன். காலை ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வரும் பெண்கள் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு நாள் என்று ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமை எனக்கு. காவலாளியிடம் எழுதிக் கொடுத்தோம். வியாழக்கிழமை திறந்தோம், வெள்ளிக்கிழமையும் திறந்தோம். அதற்குள் மருத்துவமனையில் அவரை வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை காலை நான் பேருந்தில் இருந்தேன். அறை திறந்ததை அதற்கு முன் யாராவது அவரிடம் சொன்னார்களா என்று ஏழுமலை அண்ணனிடம் கேட்டேன். "தெரில தங்கச்சி. வந்தவங்க எல்லாம் இன்னான்னாவோ சொன்னாங்க. அவ கண்ண மூடிகினே இருந்தா" என்றார்.

அவர் போய் ஒரு மாதம் ஆகிறது. அறை திறந்துகொண்டிருக்கிறது. போன வாரம் வெள்ளிக்கிழமை மட்டும் திறக்கவில்லை. அன்றைக்குப் பொறுப்பான பெண்ணுக்குக் கம்பெனியில் திடீரென்று ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள். மறுநாள் நான் போய்ப் பாயை விரித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி வந்து, யாரோ சினிமாவுக்குப் போய்வந்த கதை சொல்வதுபோல, "ஆன்ட்டி, நேத்து நாங்க ஊட்டுக்குள்ளயே இருந்தோம். அம்மா பூட்டிட்டுப் போய்ட்டாங்க" என்றாள்.

வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறதே, அதுவே பெரிது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நியாயம்தான். குணாக்கா அந்த ஐந்து நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். வெள்ளிக்கிழமை யார் யார் பிள்ளை உள்ளே இருந்தது என்று பெயர் பெயராகக் கேட்டிருப்பார். தைத்து முடித்த சட்டையில் விட்டுப்போன தையலை மட்டும் பார்க்கிற கண் அது. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான் என்று நினைக்கிறேன். சுகமான சொத்து இல்லை. வீட்டுக்கு வந்து சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது அந்தப் பெயர்கள் வருகின்றன. யாழினி. ரிஸ்வானா. கால்வாய்க் கரை தர்ஷினி.

வரும் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது அன்று மாலை ஓய்வு இருந்தால், நாலு மணிக்கு நலக்கூடத்துக்கு வாருங்கள்.